லம்சார் கணவாயிலிருந்து இறங்கி வந்தவன்

தகரக் கூரையும், காற்றுக்குப் பறக்காமலிருக்க அதன்மேல் அடுக்கிய கற்களும் கண்ணில் பட்டதுமே தர்பான் சிங் அப்படியே நின்றுவிட்டான். லச்சம் சித்தப்பாவின் டீக்கடை. லம்சார் கணவாய்க்கு ஏறுகிறவர்களுக்குக் கடைசிக் கடை அது; இறங்குகிறவர்களுக்கு முதல் கடை. பனி கொட்டத் தொடங்கினால் அவர் சட்டி பானையைக் கோவேறு கழுதைமேல் ஏற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். இன்னும் போகவில்லை, புகை தெரிந்தது. நந்தா தேவியை மனதுக்குள் கும்பிட்டுவிட்டு, கையிலிருந்த கொம்பை அழுத்தி ஊன்றி, அவன் புல்சரிவில் இறங்கினான்.

வலது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கணுக்கால் பிசகி, பானை மாதிரி வீங்கி, வீக்கம் வடிந்த பிறகு பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியே நின்றுவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் அதை இழுத்து வைக்க வேண்டியிருந்தது.

"சித்தப்பா! ஒரு டீ போடுங்க. சர்க்கரை அள்ளிப் போடுங்க!"

லச்சம் சிங் வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். கோணி ஊசி கையிலிருந்து நழுவியது. தர்பானின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு பார்வை மெல்லக் கீழே இறங்கி அந்தத் திரும்பிய பாதத்தில் நின்றது. அவ்வளவுதான். மூட்டையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

தர்பானுக்குச் சிரிப்புதான் வந்தது. "என்ன சித்தப்பா, உள்ள யாரை ஒளிச்சு வெச்சிருக்கீங்க? சித்திகிட்ட சொல்ல மாட்டேன், தெறங்க."

உள்ளேயிருந்து அனுமன் பேரை முணுமுணுக்கும் சத்தம் வந்தது. வேகமாக, மூச்சு விடாமல்.

"சித்தப்பா, வெளையாடாதீங்க. நான் நடக்க முடியாம வந்திருக்கேன்."

முணுமுணுப்பு நின்றது. "தர்பான், உனக்கு என்னடா குறை வெச்சோம்?" குரல் உடைந்திருந்தது. "எல்லாம் முறைப்படிதானே பண்ணாங்க? உங்கண்ணன் மொட்டை போட்டுக்கிட்டு, தனியாப் பொங்கித் தின்னுட்டு, ஒரு நாள் தவறாம ஆத்துல எறங்கித் தண்ணி விட்டானே. போயிடுப்பா. நான் வயசானவன். எனக்கும் உனக்கும் ஒரு பகையும் இல்ல."

தர்பான் கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டான். கிழவருக்குக் குடி தலைக்கேறிவிட்டது என்று நினைத்தான். குடித்தால் அவர் பாடுவார், பயப்பட மாட்டார் என்பதும் நினைவுக்கு வந்தது.

"பசிக்குது சித்தப்பா" என்றான், வேறொன்றும் சொல்லத் தோன்றாமல்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. பிறகு பக்கவாட்டு ஜன்னல் ஒரு சாண் திறந்தது. ஒரு நீண்ட இரும்பு இடுக்கி, அதன் நுனியில் ஓர் இலைத் தொன்னை. தொன்னையைத் தரையில் வைத்ததும் இடுக்கி உள்ளே போனது, ஜன்னல் மூடிக்கொண்டது.

சோறு. அதன்மேல் ஒரு துண்டு வெல்லம், ஒரு பிடி கறுப்பு எள்.

எள்ளிட்ட சோற்றை உயிரோடிருக்கிறவன் யாரும் தொட மாட்டான். தர்பான் தன் அப்பாவுக்கு அப்படி வைத்திருக்கிறான், வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்திருக்கிறான். இப்போது அதை அவன் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் தின்றான். இலையையும் நக்கினான்.

கீழே இறங்கும் பாதை அவன் பிறந்ததிலிருந்து நடந்த பாதை. முதலில் புல்வெளி, அப்புறம் சிவப்புப் பூ பூக்கும் புராஞ்ச் மரங்கள், அதற்குக் கீழே கருவாலிக் காடு, கடைசியில் பிண்டர் ஆற்றின் இரைச்சல். ஓடை கடக்கிற இடத்தில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அதைத் தாண்டியவன் நின்று திரும்பித் தன் காலடித் தடத்தைப் பார்த்தான். இடது கால் நேராக இருந்தது. வலது கால் கோணலாக, பாதி பின்னோக்கிப் போவதுபோல இருந்தது. பேய்க்குப் பாதம் திரும்பியிருக்கும் என்று சின்ன வயதில் கேட்ட கதை. அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். நாடி துடித்தது. ஆனாலும் செத்தவன் தன் நாடியைத் தொட்டால் துடிக்காது என்று யார் வந்து சொல்லியிருக்கிறார்கள்?

காட்டுக்குள் விறகு சுமந்துவந்த இரண்டு பெண்கள் அவனைக் கண்டு கட்டுகளை எறிந்துவிட்டு ஓடினார்கள். ஒருத்தி அவனுடைய பெரியப்பா மகள். "அக்கா!" என்று கூப்பிட்டான். அவள் ஓடிக்கொண்டே காதைப் பொத்திக்கொண்டாள். பேய் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது, அவனுக்கும் தெரியும்.

அப்புறம் அவன் யாரையும் கூப்பிடவில்லை. நடந்துகொண்டே, தான் எங்கே செத்திருப்போம் என்று யோசிக்க ஆரம்பித்தான்.

கணவாயிலா? அன்றைக்கு, மலையேற வந்த கொல்கத்தா பாபுக்களின் கூட்டம் ஒன்றை ஊர்க்காரர்கள் மேலே கூட்டிப்போனார்கள். இவன் வழிகாட்டி. மனைவியின் தம்பி ஹயாத் சமையல். சுமை தூக்க நான்கைந்து பேர், அதில் ஒருவன் நைனே, காளி ஆற்றுக்கு அந்தப் பக்கம் நேபாளத்திலிருந்து வருகிறவன். எவ்வளவு சுமை ஏற்றினாலும் எல்லோருக்கும் முன்னே போய் நிற்பான். நெற்றியில் சுமையைத் தாங்கும் பட்டை, கையில் ஆங்கில 'டி' எழுத்து மாதிரி குட்டைக் கம்பு. இளைப்பாறும்போது அதைச் சுமைக்கு அடியில் முட்டுக்கொடுத்து நின்றபடியே பீடி பிடிப்பான். கணவாய்க்குச் சற்றுக் கீழே வானம் இருண்டு, பனி கிடைமட்டமாக அடிக்க ஆரம்பித்தது. "பாபுக்களைத் திருப்பிக் கூட்டிட்டுப் போடா" என்று ஹயாத்திடம் சொல்லிவிட்டு, முன்னே போன நைனேயைக் கூப்பிட தர்பான் மட்டும் மேலே ஏறினான்.

உச்சியில் கற்குவியலுக்கு ஒண்டி நைனே உட்கார்ந்திருந்தான். உடம்பில் ஒரு கம்பளிச் சட்டை, அதுவும் முழங்கை கிழிந்தது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

"சுமையை விட்டுட்டு எந்திரிடா."

"கூடாரம் இதுலதான்ணே இருக்கு. பாபுங்க எங்க படுப்பாங்க?"

"பாபுங்க எப்பவோ எறங்கிட்டாங்க. நீ எந்திரி."

தர்பானிடம் ஒரு காவி நிற ஜாக்கெட் இருந்தது, எப்போதோ ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுப்போனது. பள்ளத்தாக்கு முழுவதும் அந்த ஜாக்கெட்டைத் தெரியும். தூரத்தில் காவி தெரிந்தால் தர்பான் வருகிறான் என்பார்கள். அதைக் கழற்றி நைனேக்குப் போட்டுவிட்டு, இவன் மேல்போர்வையைச் சுற்றிக்கொண்டான். இருவரும் இறங்கத் தொடங்கினார்கள். பத்தடிக்குள் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. கூடவே வந்தவன் எந்த நொடியில் கூட இல்லாமல் போனான் என்று தர்பானுக்குத் தெரியவில்லை.

கத்தினான். பதில் இல்லை. ஆனால் சற்று முன்னே, கல்லில் கம்பு தட்டும் சத்தம் கேட்டது. நைனேயின் கம்பு, அடியில் இரும்புப் பூண் போட்டது. டக், டக். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனான். நெருங்கினால் நின்றது, நின்றால் மறுபடி கேட்டது. இறங்குவது கணவாயின் அந்தப் பக்கம் என்பது புரிந்தபோது நேரமாகிவிட்டது. சறுக்கி விழுந்து கால் போனது. அப்புறம் தவழ்ந்தான். சத்தம் ஆட்டிடையர்களின் கற்குடிசை வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு நின்றது. குடிசையில் யாருமில்லை. வாசலில் இவன் தவழ்ந்த தடம் தவிர வேறு தடமும் இல்லை. அடுத்த வருஷத்துக்கென்று இடையர்கள் கல்லுக்கு அடியில் புதைத்துவைத்த மாவும் உப்பும்தான் இவனைப் பிழைக்கவைத்தன. எத்தனை நாள் படுத்துக் கிடந்தான் என்று கணக்கில்லை. கால் தரையில் ஊன்றியதும் மலையின் தோள்மேட்டைச் சுற்றி இந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

பிழைக்கவைத்தன என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தான்.

மரப்பாலத்துக்கு அருகில் எதிரே ஒருவன் வந்தான். மீசை மழித்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. ஹயாத்தை அடையாளம் காணவே சற்று நேரமாயிற்று. விறகுப் பெண்கள் சொல்லித்தான் வந்திருக்க வேண்டும். பாலத்தின் அந்த முனையிலேயே நின்றுவிட்டான்.

"நில்லுங்க. கிட்ட வராதீங்க."

"மச்சான், நீயுமாடா?"

"அத்தான் குரல்தான்" என்று ஹயாத் தனக்குள் சொல்லிக்கொண்டான். பிறகு சத்தமாக, "எங்கக்கா கல்யாணத்துல உங்க செருப்பை நான் எங்க ஒளிச்சு வெச்சேன்? சொல்லுங்க."

"எருமைத் தொட்டியில. நாத்தம் போக ஒரு மாசம் ஆச்சு, நாயே."

ஹயாத்தின் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "செத்தவனுக்கும் அது தெரியுமே."

ஆறு இரைந்தது. ஹயாத் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பாதையோரம் மண்டிக்கிடந்த காஞ்சொறியில் ஒரு கொத்தைச் சட்டை நுனியால் பிடித்து ஒடித்தான். "கையை நீட்டுங்க" என்றபடி பாலத்தைக் கடந்துவந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தர்பானின் புறங்கையில் பளாரென்று அடித்தான்.

"ஐயோ! அடப்பாவி!"

ஹயாத் ஒரு கண்ணைத் திறந்தான். கை சிவந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டாணி பட்டாணியாகத் தடித்தது. ஹயாத் அந்தத் தடிப்புகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு காஞ்சொறியைக் கீழே போட்டுவிட்டு அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். "தடிச்சிருக்கு அத்தான். தடிச்சிருக்கு."

பாலத்தின் மேலேயே உட்கார்ந்து அவன் எல்லாவற்றையும் சொன்னான். வானம் வெளுத்ததும் ஊரே திரண்டு தேடப் போனார்கள். கணவாய்க்கு இந்தப் பக்கம், செங்குத்துப் பாறைக்கு அடியில் காவி ஜாக்கெட் தெரிந்தது. அதன் பையில் தர்பானின் அடையாள அட்டை. "முகம்னு ஒண்ணும் இல்ல அத்தான். பாறையில பட்டு... அப்புறம் காக்கா வேற. நான்தான் தோள் குடுத்து எறக்கினேன். நடுவுல ரெண்டு தடவ உங்களைத் திட்டினேன், உயிரோட இருந்தப்போ இவ்வளவு கனமா இல்லையேன்னு."

தர்பான் கணவாய் இருந்த திசையைப் பார்த்தான்.

"நைனேயைத் தேடினீங்களா?"

ஹயாத் தலை குனிந்துகொண்டான். "ஓடிட்டான்னு நெனச்சோம். சுமையைப் போட்டுட்டுப் போயிட்டான், நேபாளி, பயந்து எந்தப் பக்கமாவது எறங்கி ஊருக்குப் போயிருப்பான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் சொன்னேன்."

"ஜாக்கெட்டை அவனுக்குப் போட்டுவிட்டேன்டா."

ஹயாத் எழுந்து தோள் கொடுத்தான்; இருவரும் ஊரை நோக்கி நடந்தார்கள்.

வீட்டுக்குள் போக விடவில்லை. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் தள்ளியே நின்றார்கள். மொட்டைத் தலையோடு அண்ணன் குமான் சிங் கிட்டே வந்து, தொடவும் முடியாமல் போகவும் மனமில்லாமல் கையைப் பிசைந்தார். புரோகிதர் ஜோஷி வந்து சொல்லும்வரை கீழ்த்தளத்துத் தொழுவத்தில், மாடுகளோடு இருக்கட்டும் என்று முடிவானது. காரியம் முடிந்த ஆள் வாசற்படி தாண்டக் கூடாது.

மனைவி தனுலி டீ கொண்டுவந்தாள். மூக்குத்தி இல்லை, கருகமணி இல்லை. மணிக்கட்டில் வளையல் உடைத்த கீறல் ஆறியிருந்தது. தம்ளரைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு, தொழுவத்தின் தூணில் சாய்ந்து நின்று அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தோஷத்தைத் தேடினான். அது இருந்தது, ஆனால் அதோடு வேறு ஏதோ கலந்திருந்தது.

"கையில குடுக்கக் கூடாதா?"

"ஜோஷிஜி வரட்டும்." சற்றுப் பொறுத்து, "நீங்கதான்னா, அப்ப நான் யாருக்கு அழுதேன்?" என்றாள்.

"நைனேக்கு."

"எந்த நைனே?"

"கூட வருவானே, நேபாளி. போன வைகாசியில நம்ம வாசல்ல உக்காந்து சாப்பிட்டானே."

அவள் யோசித்தாள். "கொள்ளுப் பருப்பு இன்னும் கொஞ்சம் கேட்டுச் சிரிச்சானே, அவனா? நான் பேரே கேக்கலையே" என்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

ஜோஷி மறுநாள் வந்தார். ஏட்டைப் புரட்டாமலே சொல்லிவிட்டார்: எரிந்த பெயரை மறுபடி எடுக்க முடியாது, இவன் புதிதாகப் பிறந்து, பெயர் வைத்து, பூணூல் போட்டு, கல்யாணமும் பண்ணிக்கொள்ள வேண்டும். கல்யாண வீடுகளில் சமைக்கும் பெரிய செப்பு அண்டாவைக் கொண்டுவந்தார்கள். தர்பான் அதற்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, முஷ்டியை மூடி, கருவில் இருக்கிற பிள்ளைபோல ஒடுங்கி உட்கார்ந்தான். மேலே துணி மூடியது. ஜோஷியின் மந்திரம் செம்புச் சுவரில் மோதி எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் கேட்டது. துணியை விலக்கித் தூக்கும்போது, தாய் இல்லாததால் அண்ணி மடியில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"இவ்வளவு தாடியோட எவடி புள்ள பெத்தா?" என்று அண்ணி கேட்டதும் பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அத்தனை நாள் கழித்து அந்த முற்றத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது.

நவல் சிங் என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் நாள் தனுலிக்குப் புது வளையல் அடுக்கினார்கள்.

"மறுபடியும் இவனேவா? ஒருக்கா தப்பிச்சியே, வேற நல்லவனாப் பாத்திருக்கலாமே" என்று ஒருத்தி கிண்டல் செய்தாள்.

"பேர்தான் மாத்தியிருக்கு, குறட்டை மாறலையாம்" என்றான் ஹயாத்.

தனுலி சிரித்தாள். நெருப்பைச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் அவன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிடும் என்று ஊர் நினைத்தது. ஆனால் லச்சம் சிங் இன்னும் அவனைப் பார்த்தால் வேறு பக்கம் போனார். ஒருநாள் மதியம் வெயிலில் கண்ணயர்ந்து விழித்தபோது, தனுலி அவன் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். இன்னொரு நாள் வயலுக்கு அப்பாலிருந்து அண்ணன் பழக்கதோஷத்தில் "தர்பான்!" என்று கத்தினார். அவன் திரும்பவில்லை. அந்தப் பெயருக்குத் தான் திரும்பக் கூடாது, அது இப்போது வேறொருவனுடையது, அவன் ஒருவேளை பதில் சொல்லக்கூடும் என்ற எண்ணம் எலும்புக்குள் குளிர்போல இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். ஆற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

அன்று சாயங்காலம் தனுலியிடம் சொன்னான். "நைனேக்கு என் பேர்ல பிண்டம் போட்டிருக்கு. அது என்கிட்டயும் வரல, அவன்கிட்டயும் போகல. அவன் வீட்டுல யாருக்கும் தெரியாது."

"போயிட்டு வாங்க" என்றாள் அவள், இதற்காகவே காத்திருந்தவள்போல. "நான் அழுதது எவளோ அழ வேண்டிய அழுகை. போய் அவகிட்ட சொல்லிட்டு வாங்க."

கீழே கப்கோட் ஊரில் நேபாளிச் சுமைகூலிகள் தங்கும் கொட்டகையில் விசாரித்தான். "எந்த நைனே? எங்கள்ல பாதிப் பேர் நைனேதான்" என்று சிரித்தார்கள். நைனேயைப் பற்றி இவனுக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்சம்தான்: வீட்டை ஒட்டித் தண்ணீரில் சுழலும் மாவுத் திரிகை, அதன் சத்தம் நின்றால்தான் தன் மகள் விழித்துக்கொள்வாள் என்று ஒருமுறை சொன்னான், ஒரு வால்நட் மரம். கடைசியில் நேபாளத்துப் பஜாங் பக்கத்து ஆள் ஒருவன், "அது சுனார்காட் ஊரா இருக்கும்" என்றான்.

காளி ஆற்றைத் தொங்குபாலத்தில் கடந்து, பஸ் போகிற மட்டும் போய், அப்புறம் நடந்தான். உல்லாசத்துக்கு மலையேறும் யாரும் அந்தப் பாதைக்கு வருவதில்லை. கூடாரம் போட இடம் இல்லை, விடுதி இல்லை, படம் எடுத்துக்கொள்ளப் பனிச்சிகரமும் பெரிதாகத் தெரியாது. மேலே ஏறி, கீழே இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏறி. கோணல் காலோடு அவன் மூச்சிரைத்து உட்கார்ந்தபோதெல்லாம், தங்கள் கணவாய்க்குச் சுமை தூக்க வருவதற்கு முன்பே நைனே இவ்வளவு நடந்திருக்கிறானா என்று வியந்தான். பாறைகளில் கம்பு ஊன்றி ஊன்றி விழுந்த குழிகள் வழிநெடுகத் தெரிந்தன. எத்தனை பேருடையதோ.

ஜுனா திரிகை வாசலில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நைனேயின் மனைவி. சிறிய உருவம், இமையெல்லாம் மாவு. அவன் பேர் சொல்லி, எங்கிருந்து வருகிறான் என்று சொன்னதும் பாய் விரித்தாள், மோர் கொடுத்தாள். பிறகு சலிப்பதை நிறுத்தாமல் கேட்டாள், "அவர் வரலையா?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பனி, ஜாக்கெட், பாறைக்கு அடியில் கிடந்த உடல், தனக்கு நடந்த காரியம், அண்டாவுக்குள் உட்கார்ந்தது வரை. அவள் கையில் சல்லடை எப்போதோ நின்றிருந்தது.

"அவர் முகத்தை நீங்க பாத்தீங்களாண்ணே?"

"நான் எப்படிம்மா பார்ப்பேன். குடிசையில கெடந்தேன்."

"பாத்தவங்க?"

"முகம் இல்லைம்மா."

"ஜாக்கெட்டைப் பாத்துட்டு நீங்கன்னு சொன்னாங்க. அது தப்பு. இப்ப அதே ஜாக்கெட்டைப் பாத்துட்டு அவருங்கறீங்க."

"நான்தானேம்மா அவனுக்குப் போட்டுவிட்டேன்."

"நீங்க அவருக்குப் போட்டுவிட்டீங்க. அவர் வேற யாருக்குப் போட்டுவிட்டாரோ. அவர் அப்படித்தான், கையில எது இருந்தாலும் குடுத்துருவாரு." அவள் குரல் உயரவில்லை. "கம்புச் சத்தம் கேட்டுச்சுன்னீங்களே. குடிசை வரைக்கும் உங்களை யாரு கூட்டிட்டு வந்தா?"

வருகிற வழியெல்லாம் அவன் அதைப் பற்றி யோசித்திருந்தான். செத்தவன் கூட்டிக்கொண்டு வந்தான் என்று ஒரு சமயம் தோன்றும். உயிரோடு முன்னே போனான் என்று மறுசமயம் தோன்றும். அன்றைக்கு அந்தக் கணவாயில் நைனேயையும் தன்னையும் தவிர வேறு யாரும் இல்லை என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அவளுடைய முகத்துக்கு எதிரே அந்த நிச்சயம் நிற்கவில்லை.

"தர்ப்பையில உருவம் செஞ்சு காரியம் பண்ணிடலாம்மா. அவன் அலைய வேண்டாம். எல்லாம் நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கும்தானே பண்ணாங்க?" என்றாள் ஜுனா. "பண்ணதுக்கு அப்புறம் நீங்க வந்தீங்க. வீட்டுக்குள்ள விட்டாங்களா? மாட்டுக்கொட்டில்ல வெச்சாங்கன்னு இப்பதானே சொன்னீங்க. அவருக்கு அப்படி ஆகக் கூடாது. அவர் வரும்போது இந்தப் படியில நேரா ஏறி வரணும்."

உள்ளேயிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தாள். திரிகை ஒரே சீராக அரைத்துக்கொண்டிருந்தது.

அன்றிரவு அங்கேயே தங்கினான். அவள் சோறு போட்டாள், கறுப்பு உளுந்து போட்டாள், இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்தினாள். காலையில் கேழ்வரகு ரொட்டி கட்டிக் கொடுத்தாள். வால்நட் மரத்தடி வரை கூட வந்தாள். "வழியில எங்கயாச்சும் பாத்தீங்கன்னா, மகளுக்குப் பல் விழுந்து மொளைச்சிருச்சுன்னு சொல்லுங்க" என்றாள். சரி என்று சொல்லிவிட்டான். வேறென்ன சொல்ல?

அவன் வீடு திரும்பியதும் தனுலி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அழுதாளா?"

"இல்ல."

தனுலி அவன் துணியை உதறி வெயிலில் போட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் அதைப் பற்றி அவள் பேசவில்லை. ஆனால் அன்று முதல் அவன் தூங்கும்போது மூக்கருகே கை வைத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். நைனேக்குக் குமான் சிங்கும் காரியம் பண்ணவில்லை, யாரும் பண்ணவில்லை. ஜோஷியைக் கேட்டபோது, வீட்டுக்காரி சம்மதம் இல்லாமல் செய்ய முடியாது என்று கையை விரித்துவிட்டார். பாறைக்கு அடியில் கிடந்து, தர்பான் பெயரில் எரிந்த அந்த உடல் யாருடையதாகவும் இல்லாமல் போயிற்று.

பனி உருகியதும் வேலை வந்தது. கணவாய்க்கு ஹயாத்தை அனுப்பிவிட்டு, நவல் சிங் கீழ்ப்பாதைகளில் மட்டும் பாபுக்களைக் கூட்டிப்போனான். காலைச் சாக்குச் சொன்னான்; யாரும் துருவிக் கேட்கவில்லை. வைகாசியில் நேபாளத்திலிருந்து சுமைகூலிகள் வரிசையாக ஏறி வந்தார்கள். நெற்றிப்பட்டையில் தலையைக் கொடுத்து, முகம் தரையைப் பார்க்க, முதுகுமேல் மலைபோலச் சுமையோடு. அப்படிக் குனிந்து வருகிறவனின் முகம் கிட்டே வந்தாலும் தெரியாது. அவன் பாதையோரம் ஒதுங்கி நின்று, ஒவ்வொருவனும் தாண்டும்போது, "தம்பி, எந்த ஊரு?" என்று கேட்பான்.

சுமைக்காரன் நிற்பான். கம்பைச் சுமைக்கு அடியில் முட்டுக்கொடுப்பான். மெல்ல நிமிர்ந்து பார்ப்பான்.

ஊர்ப் பேரைச் சொல்வான். அது வேறு ஏதோ ஊர், வேறு யாரோ முகம். நவல் சிங் ஒரு பீடியை நீட்டிவிட்டு, அடுத்து வருகிறவனைப் பார்த்து நிற்பான்.